சொந்தமா, அசலா?

“ஏம்மா, பட்டன அழுத்தவே இல்ல?” என்று கேட்டாள் பரிசோதனை அறையில் இருந்த பெண்.

“வெளிச்சம் வந்தாதானே அழுத்துறதுக்கு” என்றேன்.

“வந்துச்சும்மா. நெறைய வந்துச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒளிப்புள்ளி மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பக்கப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை. முதல் ரேங்க் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வந்த புள்ளிக்கெல்லாம் அழுத்தினேன். பாதியிலேயே புள்ளிகள் நின்றுவிட்டன. பள்ளி ஆய்வகத்துச் சாமான்களோடு பதினெட்டு வருடம் மல்லுக்கட்டிய அனுபவத்தில், “மெஷின்ல ஏதோ கோளாறு, பாருங்க” என்று அவளுக்கே சொல்லிக் கொடுத்தேன்.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். வட்டம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் எலுமிச்சை அளவுக்கு வெள்ளை.

“இந்தக் கறுப்புல பூரா வெளிச்சம் வந்துச்சும்மா. உங்களுக்குத்தான் தெரியல.”

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கறுப்பை என் கண்ணால் நான் பார்த்ததே இல்லை. பார்வை போன இடம் இருட்டாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். போன இடம் இருட்டாகக்கூடத் தெரியாது, அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது என்பது நாற்பத்து நான்காவது வயதில், சென்னையில் ஒரு கண் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் எனக்குத் தெரியவந்தது. 

என் பெயர் அமுதா. வீடு கள்ளக்குறிச்சியில். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. காலையில் பேருந்தில் மலையேறி மாலையில் இறங்குகிறவள். கணவர் குணசேகரனுக்கு ரிஷிவந்தியம் பக்கம் கரும்பும் நெல்லும். ஒரே மகள் பவித்ரா கல்லூரியில் கடைசி வருடம்.

பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் மங்கும் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். அதற்குப் பெயரும் நானே வைத்துவிட்டேன், மாலைக்கண். மாலைக்கண் நோய் எந்த வைட்டமின் குறைவால் வருகிறது என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. வைட்டமின் ஏ. வருடா வருடம் கேட்பேன், வகுப்பே சேர்ந்து பதில் சொல்லும். ஆகவே முருங்கைக்கீரை சாப்பிட்டேன், பப்பாளி சாப்பிட்டேன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டு ஈரல் சாப்பிட்டேன். மருந்துக் கடையில் வைட்டமின் மாத்திரையை நானே பெயர் சொல்லி வாங்கி விழுங்கினேன். ஒரு மதிப்பெண் கேள்விக்குச் சரியான விடை தெரிந்திருந்ததால் எந்த டாக்டரிடமும் போகவில்லை. படித்தவள் செய்கிற முட்டாள்தனத்துக்கு அளவே கிடையாது.

வராந்தாவில் பிள்ளைகள் மேல் இடித்துவிட்டு, “ஒதுங்கி நடக்கத் தெரியாதா?” என்று அவர்களையே திட்டுவேன். உண்மையைக் கண்டுபிடித்தது லூர்துமேரி. அவள் எங்கள் பள்ளித் தமிழாசிரியை, பேருந்தில் என் பக்கத்து இருக்கை. ஒருநாள் கேட்டாள்: “மூணு தபா டிபன் பாக்ஸ உன் பக்கம் நீட்டிக்கினே இருந்தேன். வாங்கவும் இல்ல, வேணாங்கவும் இல்ல. எம்மேல இன்னா கோவம்?” நான் அப்படி ஒரு டப்பாவையே பார்க்கவில்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்த வாரமே, கார்த்திகை மாதத்து மாலையில், கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது கடைசிப் படியை விட்டுவிட்டு முழங்கால் பெயர விழுந்தேன். மறுநாள் அவள்தான் விடுப்புப் போட்டு என்னை உள்ளூர்க் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் விளக்கடித்து உள்ளே பார்த்தார். கலகலவென்று பேசிக்கொண்டிருந்த மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். சென்னைக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

அரையாண்டு விடுமுறையில் மூன்று நாள் அந்த மருத்துவமனையில் கிடந்தோம். படுக்கையில் இல்லை, நாற்காலிகளில். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்த பிறகு, டோக்கன் எண்ணைப் பார்த்து வரச் சொல்வார்கள். கூடம் நிறைய மனிதர்கள், எல்லோரும் பக்கத்தில் இருப்பவரிடம் எண்ணைக் கேட்க, பக்கத்தில் இருப்பவரும் அதே மருந்து விட்டவராக இருப்பார். எனக்குக் குணசேகரன் இருந்தார். கையைப் பிடித்து அழைத்துப் போகிற வழக்கம் எங்கள் கல்யாணத்தில் இருந்ததில்லை. அந்த மூன்று நாளும் ஒரு படி வந்தால் ஒரு படி முன்னாலேயே “எறக்கம்” என்பார், “ஏத்தம்” என்பார். வேறெதுவும் பேசமாட்டார். அதுவே எனக்கு அழுகையை வரவழைக்கும்.

இரண்டாம் நாள் இருட்டறையில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு மெல்லிய கம்பி ஒன்றைக் கண்ணோரம் வைத்து, வெளிச்சத்தை அடித்தார்கள். வெளிச்சம் பட்டால் விழித்திரையில் சிறிய மின்சாரம் உண்டாகும், அதை அளக்கிறார்கள். இதயத்துக்கு எடுப்பதைப் போலக் கோடு மேலும் கீழும் வர வேண்டும். என் கோடு தரையோடு படுத்திருந்தது.

மூன்றாம் நாள் டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் அதன் ஓரங்களில் அதிகம். அவை முதலில் சாகும். பிறகு சாவு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக நகரும்.

“இது சத்துக் கொறவு இல்லம்மா. பரம்பரையா வர்றது” என்றார்.

“எங்க பரம்பரையில யாருக்கும் இல்லைங்க மேடம்” என்றேன்.

நான் சாப்பிட்ட மாத்திரைக் கணக்கைக் கேட்டதும் அவருக்குத்தான் அதிர்ச்சி. உடனே நிறுத்தச் சொல்லி, கல்லீரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். கல்லீரல் தப்பித்தது.

எந்த மரபணுவில் பிழை என்று கண்டுபிடித்தால் நோய் எவ்வளவு வேகத்தில் போகும், குடும்பத்தில் இன்னும் யாருக்கு வரும் என்று சொல்லலாமாம். இன்று மருந்து இல்லை. ஒரு சில மரபணுக்களுக்கு மட்டும் சிகிச்சை வந்திருக்கிறது, மற்றவற்றுக்கு ஆராய்ச்சி நடக்கிறது. எதில் பிழை என்று தெரியாவிட்டால் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. இப்படிச் சொல்லி எங்களை மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். பிரியா என்ற சின்னப் பெண். என் பழைய மாணவிகளைவிட இளையவள். தாளில் சதுரமும் வட்டமுமாக எங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டே கேட்டாள்.

“உங்க அம்மா அப்பா சொந்தமா, அசலா?”

எங்கள் பக்கத்தில் அசல் என்றால் உறவில்லாத குடும்பம். “அசல்தான்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்குக் குறை வரும் என்று பெண் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவள் அல்லவா.

“நீங்க ரெண்டு பேரும்?”

“நாங்களும் அசல்தாங்க” என்றார் குணசேகரன்.

அவள் ஒற்றைக் கோடு போட்டாள். சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு போடுவார்களாம். ரத்தம் எடுத்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள்.

முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. அந்த வாரங்களில் நான் கண்ணை மூடித் திறந்து, மூடித் திறந்து, எலுமிச்சை சின்னதாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாசி மாதம் பிரியா போன் செய்து, இருவரும் நேரில் வாருங்கள் என்றாள். மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறினோம்.

மரபணு என்பது உடம்பு படித்துப் படித்து வேலை செய்கிற ஒரு குறிப்பு. ஒவ்வொரு குறிப்பும் நம்மிடம் இரண்டு பிரதி, அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒன்றில் எழுத்துப்பிழை இருந்தாலும் மற்றதை வைத்துச் சமாளிக்கலாம். எனக்கு இரண்டிலும் பிழை. இதுவரைக்கும் புரிந்தது, நானே நடத்துகிற பாடம்தான். பிரியா பேனாவைக் கீழே வைத்தாள்.

“ரெண்டுலயும் ஒரே பிழைம்மா. ஒரே எழுத்து. அதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கிறதும் அப்படியே ஒண்ணா இருக்கு. ஒரே எடத்துலேர்ந்து ரெண்டு பக்கமா வந்திருக்கு. உங்க அம்மா அப்பா சொந்தம் இல்லன்னு நிச்சயமா தெரியுமா?”

என்னை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்த மாதிரி இருந்தது. அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தேன். அவள் என் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

“ஏம்மா, நீயும் அப்பாவும் சொந்தமா?”

“இன்னாடி இது புதுசா கேக்கற. அசல்தான்.”

“தூரத்து ஒறவுகூட இல்லையா?”

“எங்கம்மாவப் பெத்த ஆயாவும் உங்க தாத்தாவப் பெத்த ஆயாவும் கூடப்பொறந்த அக்கா தங்கச்சிங்க. அவ்ளோதான். எங்கம்மாவுக்கு உங்க தாத்தா அண்ணன் மொற.”

“அப்போ அப்பா உனக்கு மாமன் மவன் மொற.”

“மொற இருந்தாத்தான கட்ட முடியும். அதுக்காவ சொந்தமாயிடுமா? சொந்தம்னா தாய்மாமன், சொந்த அத்த மவன், சொந்த மாமன் மவன். மத்தது அசல். பொண்ணு கேட்டு வந்தப்பவே எங்கப்பா அப்டித்தான் சொன்னாரு, அசல்ல குடுக்கறோம், ஒழுங்கா வச்சிக்கணும்னு.”

பிரியாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா பொய் சொல்லவில்லை. அவள் தராசில் எடைக்கல் வேறு. கேட்டவர்கள் ரத்தத்தைக் கேட்டார்கள், நாங்கள் சீர்வரிசையில் யார் எந்த இடம் என்று பதில் சொல்லியிருக்கிறோம். அந்தத் தாளில் ஒற்றைக் கோட்டின் பக்கத்தில் இன்னொரு கோட்டைப் பிரியா இழுத்தாள்.

போனை வைக்கப் போனவள் நிறுத்தி, எதற்கென்று தெரியாமலே கேட்டேன். “அப்போ நானும் அவரும்?”

“மாப்ள வூடும் அசல்தான்” என்றாள் அம்மா. “நம்ம பெரியாயி ஒருத்தி அந்தக் காலத்துல அவுங்க வூட்ல வாக்கப்பட்டா. அந்த வழியிலதான அந்தச் சம்பந்தமே வந்துச்சு.”

குணசேகரன் சட்டைக் கையை மடித்துவிட்டு, ரத்தம் எடுக்கும் அறை எங்கே என்று பிரியாவிடம் கேட்டார்.

அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு பிரதியில் பிழை இருந்தால் அவர் கண்ணுக்கு எதுவும் ஆகாது. ஆனால் பவித்ராவுக்கு? என்னிடமிருந்து அவளுக்குப் பிழையான பிரதிதான் போயிருக்கும், என்னிடம் வேறு பிரதி கிடையாது. மிச்சம் முழுக்க அவர் தந்த பிரதியில் இருந்தது.

அவருடைய முடிவு போனில் வந்த நாள் நான் பள்ளியில் இருந்தேன். ஒரு பிரதியில் பிழை இருக்கிறது, அதே பிழை. மணி அடித்தது. பத்தாம் வகுப்புக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, அன்றைக்குத் திருப்புதலில் மரபியல். பட்டாணிச் செடி. நெட்டைக்குப் பெரிய எழுத்து, குட்டைக்குச் சின்ன எழுத்து. வேறு கணக்குப் போட்டிருக்கலாம். என் கை அதைத்தான் எழுதியது, இரண்டும் சின்ன எழுத்தாக ஒரு செடி, ஒன்று பெரியது ஒன்று சின்னதாக ஒரு செடி. கட்டம் போட்டு நிரப்பினேன்.

“பிறக்கிறதில் எத்தனை குட்டை?”

“பாதிக்குப் பாதி டீச்சர்” என்று முப்பத்தைந்து குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றேன். லூர்துமேரி தன் வகுப்பை விட்டுவிட்டு வந்து, எதுவும் கேட்காமல் என் மிச்சப் பாடத்தை நடத்தப் போனாள். தமிழாசிரியை மரபியலை எப்படி நடத்தினாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பவித்ராவிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அவள் பரிசோதனையை நாங்கள் முடிவு செய்ய முடியாது, அவளாக வர வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று பிரியா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சொல்லி முடித்ததும் பவித்ரா சிரித்தாள்.

“எனக்கு இன்னாம்மா? ஸ்கூட்டி ஓட்டிக்கினுதான இருக்கேன்.”

“சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஓட்டி நான் பாத்ததில்லையே.”

“நம்ம வூட்ல யாரு ஆறு மணிக்கு மேல வெளிய போறாங்க? நீயே போவ மாட்ட.”

உண்மைதான். எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே எல்லா அறையிலும் விளக்கு எரியும். வீட்டையே என் கண்ணுக்கு ஏற்றபடி பழக்கியிருக்கிறேன். அந்த வீட்டிலேயே அவளும் வளர்ந்திருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று சோதித்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஓர் இருட்டு மூலைகூட இல்லை. 

இரண்டு வாரம் அவள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தன் கல்லூரித் தேர்வு முடிந்த மறுநாள் அவளே பையைத் தூக்கிக்கொண்டு வந்து, “சென்னைக்கு எப்ப பஸ்ஸு?” என்றாள். அந்தப் பயணத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்தத் தூக்கம் கலையக் கூடாது என்று நான் கையைக்கூட அசைக்கவில்லை. இந்தப் பரிசோதனைக்குக் காப்பீடு கிடையாது. பணத்தை எப்படிப் புரட்டினார் என்று குணசேகரன் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொந்தமா அசலா என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்லாதீர்கள். பாட்டிமார் பெயரைக் கேளுங்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், கூடப்பிறந்தவர்கள் எங்கே வாக்கப்பட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். குற்றம் கண்டுபிடிக்க இல்லை. எங்கள் முன்னோரில் யாரோ ஒருவருக்கு ஓர் எழுத்து பிசகியிருக்கிறது, அவருக்கே அது தெரியாது. அதைச் சுமந்து வந்தவர்கள் எல்லோரும் நல்ல கண்ணோடு வாழ்ந்து செத்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து மாலையில் கண் மங்குகிறதென்றால் கீரையோடு நிறுத்தாமல் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சொல்ல எனக்கு அறிவியல் பட்டம் உதவவில்லை, என் கண்தான் உதவியது.

சித்திரை முடியும்போது மூவரும் டாக்டரம்மாவின் அறையில் இருந்தோம். நானும் பவித்ராவும் நாற்காலிகளில், குணசேகரன் ஆஸ்பத்திரி ஃபைலைப் பிடித்துக்கொண்டு கதவோரம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“ரெண்டு பிரதியிலயும் இருக்கும்மா.”

அடுத்து அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழும்போது கேட்குமே, அப்படி ஒரு சத்தம் உள்ளே கேட்டது. “நான்தான் குடுத்தனா?” என்று பின்னாலிருந்து குணசேகரன் கேட்டார். “யாரும் குடுக்கலைங்க. வந்திருக்கு” என்றார் டாக்டரம்மா.

பவித்ரா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“ரிப்போர்ட்டு தப்பா இருக்கலாம் மேடம். எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது.”

டாக்டரம்மா மறுக்கவில்லை. கணினியிலிருந்து திரும்பி, ஊர்க்கதை பேசுகிற மாதிரி கேட்டார்.

“சரிம்மா. பொழுது போனப்புறம் மொட்ட மாடியில நின்னு அண்ணாந்து பாத்தா, நட்சத்திரம் எவ்ளோ தெரியும்?”

“மூணு, நாலு தெரியும் மேடம். மேகம் இல்லன்னா அஞ்சு. எல்லாருக்கும் அவ்ளோதான?”

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

 கதவோரம் நின்ற குணசேகரன் ஓரடி முன்னால் வந்தார்.

“இல்ல கண்ணு” என்றார். “எண்ணவே முடியாது. கம்பு வெதச்ச மாரி கெடக்கும், வானம் பூரா.”

புத்தகத்தில் எண்ணற்ற விண்மீன்கள் என்று வரும். வருடா வருடம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். எழுதுகிறவர்கள் அழகுக்காகப் போடுகிற வார்த்தை என்று நினைத்திருந்தேன். இவரும் மகளைத் தேற்றக் கூட்டிச் சொல்கிறாரோ என்று டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பவித்ராவும் பார்த்தாள். டாக்டரம்மா மெதுவாகத் தலையசைத்தார்.

“நெசமாவா மேடம்?” என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.